கதவு வருது

"கதவு வருது, எந்திரி!"

பக்கத்துக் கவுன்ட்டர் துண்டுக்காரி கிசுகிசுத்ததும், அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த போர்வைக்காரி கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மடித்து வைத்திருந்த போர்வையை உதறி மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

கீச்... கீச்...

ஜவுளிக்கடையின் மாடி முழுக்க அந்தச் சத்தம் அத்துப்படி. சூப்பர்வைசருக்கு ஆபரேஷன் செய்து இடுப்பு மூட்டை மாற்றி வைத்ததிலிருந்து, எண்ணெய் காணாத கதவு மாதிரி, ஆளுக்கு முன்னால் சத்தம் வந்துவிடும்.

"பூனைக்கு யாரு மணி கட்டறதுன்னு தவிச்சோம். டாக்டரே கட்டி அனுப்பிட்டாரு" என்பாள் துண்டுக்காரி.

சூப்பர்வைசர் வந்து நின்றாள்.

"ஒரு போர்வையை எத்தனை நாளைக்குடி மடிப்பீங்க? முதலாளி பார்த்தா அப்புறம் வீட்டுலதான் மடிக்கணும்."

"சரிக்கா."

"நிமிர்ந்து நில்லு. நிக்கிறதுக்குத்தான் சம்பளம்."

அவள் தலை மறைந்ததும் துண்டுக்காரி உதட்டைச் சுழித்தாள். "இதே கடையில காலம்பூரா நின்னு நின்னுதான் அந்த இடுப்பே தேஞ்சுது. மாமியார் ஆனதும் மருமகளா இருந்தது மறந்து போச்சு!"

"பாவம்டி. தாழ்வா உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். சாப்பாட்டைக்கூட ஜன்னலோரம் நின்னுக்கிட்டே சாப்பிடறாங்க."

"நீ பாவம் பாரு. உன்னை யாரு பாக்கறது?"

போர்வைக்காரி மாசமாக இருப்பது துண்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம் சட்டைப் பிரிவுப் பெண் தான் மாசமானதை வாய்விட்டுச் சொன்னாள். "வீட்டுல போய் ரெஸ்ட் எடும்மா" என்றார் முதலாளி, கனிவாக. அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. போர்வைக்காரி வீட்டில் இப்போதைக்கு இவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. கடையில் உட்காரக் கூடாது என்பது சட்டம். கால் வீங்கினால் அட்டைப்பெட்டி. காவலுக்குக் கீச்.

மதியம் ஒருவர் ஜன்னல் திரை கேட்டார். எடுக்கப் போன போர்வைக்காரி, தொங்கும் திரைகளுக்கு நடுவே நுழைந்து இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் வந்துகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி நடை.

அந்தப் பக்கம் துண்டுக்காரி பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணசந்துகொண்டிருந்தாள்.

போச்சு, மாட்டினாள்.

சூப்பர்வைசர் அலமாரி மூலையில் நின்றாள். எட்டிப் பார்த்தாள். ஓசைப்படாமல் பின்வாங்கினாள். பிறகு வலது பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி ஊன்றி, உடம்பின் பாரத்தை அதன் மேல் இறக்கினாள்.

கீச்.

பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பில் கையை அழுத்தி, இன்னொரு தடவை.

கீச்...

துண்டுக்காரி துள்ளி எழுந்தாள். அதற்கப்புறம்தான் சூப்பர்வைசர் மூலை திரும்பினாள்.

"என்னடி, முகத்துல தூக்கம் வழியுது? போ, கழுவிட்டு வா!"

மறுநாள் கூட்டம் ஓய்ந்த நேரம். போர்வைக்காரி சரக்கு நிறைந்த ஒரு பெட்டியைத் தன் பெட்டி மேல் ஏற்றினாள். உயரம் போதுமா என்று இடுப்பை ஒட்டி நின்று பார்த்தாள். போதவில்லை. மேலே ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டாள்.

கீச்... கீச்...

"யாருடி இங்க பெட்டியை அடுக்கினது?"

போர்வைக்காரி லிஃப்ட் பக்கம் போய், முதலாளி வருகிறாரா என்று பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, பின்னால் அட்டை நசுங்கும் சத்தம் கேட்டது.