டிபன் திருடின மிஸ்

"நாலு நாளா என் பொண்ணோட டிபனை உங்க மிஸ் திங்கறாங்க சார். நாலு நாளா!"

பிரசாத் மேஜையைத் தட்டிய தட்டில் பள்ளி கரஸ்பாண்டென்ட் சகாதேவனின் பேனா உருண்டு கீழே விழுந்தது. வெள்ளிக்கிழமை ஓபன் டேவுக்கு வந்திருந்த பெற்றோர் எட்டுப் பத்துப் பேர் ஜன்னல் ஓரமாக ஒதுங்கிக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"யாரு, யூகேஜி கீதாஞ்சலி மிஸ்ஸா?"

"அவங்களேதான். பச்சைக் குழந்தை வாயில இருந்து புடுங்கித் தின்னா உடம்புல ஒட்டுமா?"

பிரசாத் தேரடித் தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். மனைவி வள்ளிக்கு வேலூரில் அஞ்சு நாள் ஆபீஸ் ட்ரெயினிங். "பாப்பாவுக்குச் சாப்பாடு?" என்று அவள் இழுத்தபோது, "நாலு வீடியோ பாத்தா நானே செஞ்சுட்டுப் போறேன். நீ கெளம்பு" என்று பஸ் ஏற்றிவிட்டான்.

திங்கள்கிழமை பள்ளியில் மஞ்சள் தினம். பிள்ளைகளெல்லாம் மஞ்சள் சட்டை. மகள் ஓவியாவின் பாக்ஸில் எலுமிச்சை சாதம். நிறம் தூக்கலாக இருக்கட்டுமென்று மஞ்சள் தூள் மட்டும் நாலு ஸ்பூன். சாயங்காலம் பாக்ஸ் துடைத்து வைத்த மாதிரி காலி! அதைப் படம் பிடித்து வள்ளிக்கு அனுப்பினான். "நீ செஞ்சா பாதி திரும்பி வரும். பாத்துக்கோ!"

செவ்வாய்க்கிழமை பழங்கள் தினம். சாம்பார் சாதம். காலி.

புதன்கிழமை மாறுவேடப் போட்டி. மேடையில் பதினோரு முருகன். அதில் ரெண்டு முருகன் ஒருத்தரை ஒருத்தர் வேலால் குத்திக்கொண்டு அழ, சாமியார் வேஷம் போட்ட வாண்டு ஒன்று காவி வேட்டியை அவிழ்த்து எறிந்துவிட்டு முற்றும் துறந்து ஓடியது. கேரட் வேஷம் கட்டிய ஓவியாவுக்கு கேரட் சாதம். அதுவும் காலி. பிரசாத் வாட்ஸப் ஸ்டேட்டஸில் தனக்குத் தானே 'மாஸ்டர்' பட்டம் கொடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை எல்லோரும் வரிசையாகப் போய் போஸ்ட் ஆபீஸைப் பார்த்துவிட்டு வந்தார்கள். புளி சாதம். காலி.

அன்று சாயங்காலம்தான் பள்ளி வாசலில் சிந்துஜா அவன் காதில் போட்டாள். அவள் மகள் தேவிப்ரியாவும் ஓவியாவும் ஒரே வகுப்பு.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. உங்க பாப்பா டிபனை தெனமும் மிஸ்ஸே சாப்ட்டுடறாங்களாம். எங்க தேவிப்ரியா சொன்னா."

"நெஜமா பாப்பா?" என்று பிரசாத் கேட்டான்.

ஓவியா தலையைக் குனிந்துகொண்டாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்கப்பா."

போதாதா? பெற்றோரின் வாட்ஸப் குரூப் பற்றிக்கொண்டது. 'வீட்ல சமைக்க சோம்பேறித்தனமா?' என்றது ஒரு நம்பர். 'டிஸ்மிஸ் பண்ணாம விடக்கூடாது' என்றது இன்னொன்று. வாய் பிளந்த பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

சகாதேவன் ஆளனுப்பிக் கூப்பிட, கீதாஞ்சலி மிஸ் வந்து நின்றாள். இருபத்தஞ்சு வயசிருக்கும். முகம் வெளிறிப் போயிருந்தது. ஓவியா அவளுடைய துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்திருந்தாள்.

"இவர் சொல்றது உண்மையாம்மா?" என்றார் சகாதேவன்.

"உண்மைதான் சார். நான்தான் சாப்ட்டேன்."

ஜன்னல் பக்கம் உச்சுக் கொட்டினார்கள்.

"ஏன்?"

மிஸ் பிரசாத்தைப் பார்த்தாள். ஜன்னலில் இருந்த தலைகளைப் பார்த்தாள். "வேணாம் சார். என் மேலதான் தப்புன்னு வெச்சுக்குங்க."

"பாத்தீங்களா, பதில் வருதா?" பிரசாத் பையிலிருந்து அன்றைய டிபனை எடுத்து மேஜைமேல் திறந்து வைத்தான். "தக்காளி சாதம். நீங்களே ஒரு வாய் போட்டுப் பாருங்க சார். இந்த ருசிக்குத்தான் அவங்களுக்கு நாக்கு அடங்கல."

சகாதேவன் ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். கண் கலங்கியது. விழுங்கவும் முடியாமல், பதவியை நினைத்துத் துப்பவும் முடியாமல், தண்ணீர் பாட்டிலை அப்படியே கவிழ்த்துக்கொண்டார்.

"நீங்க... இதைச் சாப்ட்டுப் பாத்தீங்களா?"

"எனக்கு எங்க சார் நேரம்? கடைக்குப் பக்கத்துலயே ஓட்டல். ரெண்டு தோசையோட முடிச்சிடுவேன்."

சகாதேவன் மிஸ் பக்கம் திரும்பினார். இந்த முறை பார்வையில் மரியாதை இருந்தது. "நாலு நாளும் இதையாம்மா?"

இனி மறைத்துப் பயனில்லை என்று மிஸ்ஸுக்குப் புரிந்தது.

"திங்கக்கிழமை ஒரு வாய் வெச்சதுமே துப்பிட்டா சார். சரி, கொட்டிடலாம்னா அழறா. 'அப்பா அஞ்சு மணிக்கே எந்திரிச்சு செஞ்சாரு மிஸ். அப்படியே திரும்பிப் போனா பாவம்'ங்கறா. போர்டுல 'சாப்பாட்டை வீணாக்காதே'ன்னு எழுதிப் போட்டதும் நான்தான். அதான், என் தயிர் சாதத்தை அவளுக்குக் குடுத்துட்டு இதை நான் எடுத்துக்கிட்டேன். முழுசா முடிக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா சார். தப்பிக்கவே முடியல."

ஜன்னலில் ஒரு தலைகூட இல்லை.

பிரசாத் டிபன் பாக்ஸை அவசரமாக மூடப் போனான்.

ஓவியா துப்பட்டாவை விட்டுவிட்டு வந்தாள். மேஜைமேல் இருந்த ஸ்பூனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"மிஸ்ஸுக்கு வயிறு வலிக்குதுப்பா. இன்னிக்கு ஒரு நாள் நீ சாப்ட்டுடு."