நைட் ஷிப்ட் முடிந்த காலை

சேக்காட்டில் தன் வீட்டு ஜன்னலை தேவிப்பிரியா கம்பளியால் மூடுகிறாள். ஓரத்தில் கசியும் வெயில், நைட் ஷிப்ட் முடித்துவந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கும் கணவன் பரந்தாமனின் விரல்களில் விழுகிறது. பகல் தூக்கத்துக்கு அவன் தினமும் கொடுக்கும் விலை, தலையணைக்கடியில் குவார்ட்டர் பாட்டிலாகக் கிடக்கிறது. "மரபணுவுலயே ஒரு கடியாரம் ஓடுதாம்யா. ராத்திரி முழிச்சா அது கெட்டுப்போயி படபடப்பும் குடி ஆசையும் ஏறுதுன்னு டாக்டர் சொன்னாரே. இன்னிக்காவது குடிக்காம தூங்கு." "கடியாரத்துக்கு டாக்டர் இன்னாத்துக்கு? ரிப்பேர் கடைல குடு." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் கீரைக்காரி கூவுகிறாள். அவன் கை தலையணைக்கடியில் நுழைகிறது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, வேலைக்குக் கட்டிய புடவையோடே அவன் பக்கத்தில் படுக்கிறாள். "இன்னாடி, வேலைக்குப் போவல?" "எனக்கும் இப்ப ராத்திரிதான்." அவன் கை வெறுமையாக வெளியே வந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறது.