எட்டாவது ஆள்

காலை பதினொரு மணிக்குள் அவள் ஏழு பேரைச் சுட்டுத் தள்ளியிருந்தாள்.

எனக்கு எண்ணத் தெரியும். ஒவ்வொருவன் விழும்போதும் "போ" என்பாள். நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதுவும் பில்டர் சிமெண்டை மிச்சம் பிடித்துக் கட்டிய சுவர்.

எட்டாவது ஆளைத் துரத்திக்கொண்டிருந்தபோது காலிங்பெல் அடித்தது.

அவள் வீட்டு பெல்தான். முதலில் கதவைத் திறந்தது நான்.

வாசலில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேதமூர்த்தி. கையில் பேப்பர் கட்டிங், 'துப்பாக்கி விளையாட்டும் மனநலமும்' என்று கொட்டை எழுத்தில். பின்னால் பொருளாளர், இன்னும் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக நாலு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில்.

கூட்டி வந்தது வேறு யாருமில்லை. அவள் புருஷன் கிருபாகரனேதான்.

"பழைய மாதிரி இல்ல சார் அவ. இந்த கேம் வந்ததுலேர்ந்து மூளையே மாறிடுச்சு."

மாறியது வாஸ்தவம்தான்.

முன்பும் அந்தச் சுவர் வழியாகச் சத்தம் வரும். அவன் கத்துவான். எதுவோ விழும். பாத்திரம் விழுந்தால் உருளும். இது உருளாது.

அப்போதெல்லாம் நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

போன மாதம் ஒரு நாள். அவன் கத்தினான். நாற்காலி நகர்ந்தது. வழக்கம்போல் ரிமோட்டை எடுத்தேன்.

அதற்குள் அவள் குரல். நிதானமாக.

"இரு. இந்த ஆளை முடிச்சிட்டு வரேன்."

நாற்காலி திரும்பவும் பழைய இடத்துக்கே நகர்ந்தது.

சீரியலில் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கே!

அன்றிலிருந்து அந்த வீட்டில் எதுவும் விழவில்லை.

இப்போது பெல் சத்தத்துக்கு விளையாட்டை நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தாள். போனும் கையுமாக.

நாலு பேரையும் நிமிர்ந்து பார்த்தாள். முன்பெல்லாம் படிக்கட்டில் யாராவது தலை சொறியக் கையைத் தூக்கினால்கூட முகத்தை மறைத்துக்கொள்கிறவள்.

வேதமூர்த்தி கட்டிங்கை வாசித்தார். எரிச்சல். தூக்கமின்மை. புருஷனுக்கு அடங்காமை.

கடைசியாகச் சொன்னது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். கட்டிங்கில் இல்லை.

"போனைக் குடும்மா. அந்த கேமை அழிச்சுட்டுத் தந்துடறேன்."

கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே இருந்தது.

"சரி, இயர்போனாவது போட்டுக்கலாம்ல?"

"போட்டா, பின்னாடி யாரு வர்றாங்கன்னு கேக்காது சார்."

விளையாட்டைச் சொல்கிறாள் என்று நினைத்துப் பொருளாளர் சிரித்தார்.

கிருபாகரன் சிரிக்கவில்லை.

வேதமூர்த்தி என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்து வீடு. சத்தம் தாங்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. சங்கத்து முடிவுன்னு சொல்லி போனை வாங்கி வெச்சுடலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே இடத்தில் அவள் தம்பி நின்றான். திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பையன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "அக்கா, இவங்க வீட்டுல ஏதாவது சத்தம் கேக்குமா?" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் இப்படித்தான் என்னைப் பார்த்தாள்.

எனக்கெதற்கு வம்பு என்று அன்றைக்கு ஒரு பதில் சொன்னேன். பழத்தையும் வாங்கிக்கொண்டேன்.

அதே பதிலை இன்றைக்கும் சொன்னேன்.

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

இந்த மாடியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் காதுக்கு எதுவும் தப்பாது என்று சொல்வார்கள். வேதமூர்த்திக்கும் தெரியும். கட்டிங்கை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். கிருபாகரன் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

கதவு சாத்திக்கொண்டது.

நான் டிவியை அணைத்தேன்.

நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

எட்டாவது ஆள் இன்னும் பாக்கி.