சுவர்மேல் வைத்த தொப்பிகள்

கர்னல் எட்மண்ட் துரையின் நாற்பது வருடம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது.

ஏனோக் அதை பங்களா வராந்தாவில் நின்றபடி துரைக்குப் படித்துக் காட்டினான். சனிக்கிழமை சுரங்கத் தொழிலாளர்கள் துரைக்குக் கொடுக்கப்போகும் பிரிவுபசாரப் பத்திரம். பட்டுத்துணியில் அச்சாகப்போகிறது. கம்பெனி ஆபீசில் எஃப்.ஏ. வரை படித்த தமிழ்க் குமாஸ்தா அவன் ஒருவன்தான்.

பதினெட்டு வயதில் சென்னைப் பட்டாளம். காபூல். பர்மா. கர்னல் பதவியோடு ஓய்வு. பிறகு குடகில் ஒரு காப்பிக் கம்பெனி, பெங்களூரில் ஒரு பாங்கி, எட்டு வருடமாக இந்தத் தங்கச் சுரங்கம். அடுத்த மாதம் லண்டனில் டைரக்டர் நாற்காலி.

"சென்ற வருடம் பிளேக் கண்டபோது துரையவர்கள் ராணுவ ஒழுங்குடன் முகாம் அமைத்து எங்களைக் காத்தார்கள்."

இந்த வரியையும் மற்ற வரிகளைப் போலவே படித்தான். அதை எழுதியவனும் அவன்தான்.

முகாம் என்றால் எட்டுத் தகரக் கொட்டகை. சுற்றிலும் இருநூறு கஜம் தள்ளி ஒரு கயிறு. கயிற்றைத் தாண்டினால் வேலை போகும், வீடு போகும். அவன் மனைவி சாராவை மூன்றாம் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள்.

தினமும் மாலை ஆறு மணிச் சங்கு ஊதியதும் உள்ளே ஆஜர் எடுப்பார்கள். அது பட்டாளத்து வழக்கம், துரை கொண்டுவந்தது. மேஸ்திரி மாணிக்கராஜ் தகரக் குழலில் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் கையைத் தூக்க வேண்டும். கயிற்றுக்கு வெளியே நிற்கும் குடும்பத்தார் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

"மூணாம் கொட்டாய், சாரா!"

முகம் தெரியாது. எல்லோருக்கும் கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி வெள்ளைச் சேலை. மூன்றாம் கொட்டகைக் கம்பத்தடியில் ஒரு கை உயரும். இவனும் கையை உயர்த்துவான்.

அப்படிப் பதினொரு மாலை.

பன்னிரண்டாம் நாள் கம்பத்தடியில் யாருமில்லை. பெயரும் கூப்பிடப்படவில்லை. அவள் போய்விட்டாள் என்பது அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது.

அந்தப் பதினொரு மாலைகளைத்தான் அவன் இந்த ஒரு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறான். வேறெதுவும் மிஞ்சவில்லை. அவளுடைய சேலைகளைக்கூடக் கொளுத்திவிட்டார்கள்.

"இன்னா தம்பி, சப்புன்னு கீது" என்றார் மாணிக்கராஜ். பத்திரத்தைக் கேட்டுச் சரிபார்க்கத் தொழிலாளர்கள் அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். "சண்டைக்குப் போன மனுசன். ஒரு குண்டுகூட வெடிக்கலியே! ஜனம் கைதட்ட வாணாமா?"

துரை சிரித்தார். பட்டாளத்துச் சிப்பாய்களிடம் கற்ற தமிழ் அவருடையது.

"எழுது மேன். காபூல் பக்கம் ஒரு கோட்டை. நாங்க நூறு பேரு, அறுபது பேரு செத்துப் போச்சு. எதிரிக்குத் தெரிஞ்சா உள்ள வந்துடுவான். செத்தவன் தொப்பி எல்லாம் எடுத்து செவுரு மேல வரிசையா வச்சோம். அவன் தூரத்துல எண்ணிப் பாத்தான். நூறு. வரல."

ஏனோக் எழுதினான்.

"நல்ல தந்திரம்." துரை சுருட்டைத் தட்டினார். "இங்கயும் ஒரு தடவ உதவுச்சு."

மாணிக்கராஜ் இருமினார். வெகுநேரம் இருமினார்.

ஏனோக்கின் பேனா நின்றது.

சாரா இடக்கைக்காரி. சோற்றைத் தவிர எல்லாமே இடக்கைதான். முதல் நான்கு நாள் உயர்ந்தது இடக்கை. ஐந்தாம் நாளிலிருந்து வலக்கை. கை வலிக்கிறது போலிருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டான். அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

சொன்னதை எழுதி முடித்து, மை ஒற்றி, துரைக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினான்.

பங்களா கேட்டுக்கு வெளியே மாணிக்கராஜ் தானாகவே நின்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சாம் நாளு வெடியக்காலையில போய்ட்டாங்க, தம்பி. அன்னிக்கு ஒரே நாள்ல ஒம்போது பேரு. தெரிஞ்சா நீங்கல்லாம் கயித்த அறுத்துக்கினு உள்ள பூந்துடுவீங்கன்னு துரை பயந்தாரு. பெங்களூர்லேர்ந்து சிப்பாய்ங்க வர்றவரைக்கும், ரெண்டு நாளைக்கு, ஆள மாத்தி நிக்க வைன்னாரு. நான்தான் நிக்க வச்சேன். நான்தான் பேரும் கூப்ட்டேன்."

"ஏழு நாள்" என்றான் ஏனோக்.

"ஆமா. சிப்பாய்ங்க வந்ததும் மத்தவங்கள நிறுத்திட்டேன். சாராவுக்குப் பதிலா நின்னவ மட்டும் கேக்கல. தங்கம்மான்னு பேரு. புருசனும் கொயந்தயும் உள்ளயே போய்ட்டாங்க. கயித்துக்கு இந்தாண்ட அவளுக்குன்னு யாருமில்ல. தெனம் சங்கு ஊதுனா வந்து கம்பத்தாண்ட நின்னுக்குவா. அந்தப் பேர கூப்புடு அண்ணா, வெளிய அந்த ஆளு கை தூக்குவாரும்பா."

தூரத்தில் ஆறு மணிச் சங்கு ஊதியது.

"இப்போ எங்கே?"

"யாரு கண்டா. பன்னெண்டாம் நாளு அவள வெளிய வுட்டாங்க. கயித்துக்கு அடியில குனிஞ்சி வந்து நேரா உன் எதிர்லதான நின்னா, தம்பி?"

ஏனோக்குக்கு ஞாபகம் வந்தது.

ஒரு வெள்ளைச் சேலை. கொட்டகைக் கம்பத்தை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்ற யாரோ ஒருத்தி. எதையோ சொல்ல வாயெடுத்தாள். கை பாதி உயர்ந்திருந்தது.

அவன் அவளைப் பார்க்கவில்லை.

"மறைக்காதம்மா" என்றிருந்தான். "கொஞ்சம் தள்ளி நில்லு."