காதுவரை கொலர்

"கலியாண வீட்டுக்கு வாற கோலமோ இது? விமலராணிக்கென்ன விசரோ?"

செலஸ்ரீனா அன்ரி மெதுவாகச் சொல்லவில்லை. அவவுக்கு மெதுவாகச் சொல்ல வராது. மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலில் விமலராணி அக்கா. சேலை இல்லை. சியோங்சாம். கழுத்திலிருந்து கணுக்கால்வரை உடம்போடு ஒட்டின சீனப் பட்டுச் சட்டை.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அதை அவவின் அளவுக்குத் திருத்தித் தைத்தது நான்.

பள்ளிக்கூடத்தை விட்டு எட்டு மாதம். பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால் ஒரு தையற்கூடத்தில் வேலை. பழைய சாங்காய் பற்றி ஒரு டிவி நாடகம் எடுக்கிறார்கள், உடுப்பெல்லாம் எங்கள் இத்தாலிய முதலாளி சிஞ்ஞோரா எமிலியானாவின் பொறுப்பு. வகுப்பில் சரித்திரம் எனக்கு ஏறவே இல்லை. இப்போது கொலரைப் பார்த்தே வருசம் சொல்லுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டென்றால் சட்டை தொளதொள. முப்பத்தைந்தில் உடம்போடு ஒட்டி, கொலர் காதுமடலைத் தொடும். நாற்பதில் கை போய், நீளம் குறைந்து, கொலரும் இறங்கிவிடும். நாடகத்தில் கதாநாயகிக்கு வயது போவதே கொலரில்தான் தெரியும்.

வியாழக்கிழமை அக்கா வேலை முடிந்த கையோடு அங்கே வந்தா.

"லக்ஷனா, சனிக்கிழமைக் கலியாணத்துக்கு எனக்கும் ஒண்டு வேணும்."

எனக்குத் தலைகால் தெரியவில்லை. துணை நடிகைகளுக்குத் தைத்ததில் இரண்டு மிஞ்சிக் கிடந்தன. சிஞ்ஞோராவிடம் கேட்டுவிட்டு இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

"இந்த மயில்நீலத்தைப் பாருங்கோ அக்கா. நாற்பதாம் ஆண்டு. உங்களுக்கெண்டே தைச்சமாதிரி."

"கொலர் பதிவாய்க் கிடக்கு. மற்றது?"

மற்றது முப்பத்தைந்து. பீற்றூட் நிறம்.

"அது கிழவியளுக்கு."

"அதுதான் வேணும்."

போட்டுப் பார்க்கும்போது தாலிக்கொடி கொலருக்குள் திரண்டு நின்றது. அக்காவின் தாலியில் ஒரு தங்கப் புறா. அதன் இடது செட்டை வளைந்திருக்கும், மகன் பல்லு முளைக்கும் வயதில் கடித்தது. அந்தச் செட்டை பட்டின் உள்பக்கத்தில் மாட்டி ஒரு நூலை இழுத்துவிட்டது. எனக்கு உயிர் போய் வந்தது.

"கொடி இடிக்குது அக்கா. கொலரை ஒரு விரல் தளர்த்தி விடட்டோ?"

"வேண்டாம். இறுக்கியே தை."

"மூச்சு முட்டும். யூலை மாதம்."

"ஒரு நாள்தானே."

சனிக்கிழமை கோயிலில் தாலி கட்டும்போது மாப்பிள்ளை பிறின்ஸ் கொக்கியை இரண்டு தரம் தவறவிட்டார். அவர் அக்கா வீட்டில் அறை எடுத்து இருப்பவர், மொண்டெல்லோவில் சாப்பாட்டுக்கடை வேலை. கலியாணத்துக்கு நாலு நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை, பல்லரோ சந்தையில் வெஸ்பாவில் வந்த ஒருத்தன் அவரின் பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். உள்ளே உடுப்புத்தான் கிடந்தது என்று எல்லோருக்கும் சொன்னார். செலஸ்ரீனா அன்ரி மணப்பெண் அமலினியின் பெரியம்மா. அன்றைக்கே அவ சொல்லிவிட்டா:

"உடுப்பெண்டபடியால் தப்பினார். தாலி போயிருந்தால் கலியாணமும் போயிருக்கும். சகுனப்பிழையிலை நான் பிள்ளையைக் குடுக்கமாட்டன்."

இப்போது மண்டபத்தில் அதே அன்ரி அக்காவைச் சுற்றி ஒரு வட்டம் வந்தா.

"எடி விமலா, உன்ரை மனுசன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவர்தான் போடச் சொன்னவர், அக்கா."

அக்காவின் புருசன் யாக்கோபு அண்ணை நிலத்தைப் பார்த்தபடி ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் கை அரை அங்குலம் குறைந்தாலே வீட்டில் சண்டை பிடிக்கிற மனுசன்.

"வெட்டைப் பார். முழங்கால் தெரியுது."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது நடக்கிறதுக்கு விட்ட வெட்டு, அன்ரி. இல்லாட்டி குருவி மாதிரித் தத்தித்தான் போகலாம்."

"நீ பள்ளிக்கூடத்தை விட்டது காணாதெண்டு இப்ப ஊரையும் கெடுக்கிறாய்."

"கெட்டால் வடிவாய்க் கெடட்டும்."

நாலு பேர் சிரித்தார்கள். அன்ரிக்கு ஏறிவிட்டது.

"வேர்த்து ஒழுகுது. அந்தக் கொலரையாவது கழட்டடி." சொன்னதோடு நிற்காமல் கையை நீட்டிக் கொலரின் மேல் முடிச்சுப் பொத்தானை இழுத்தா. அக்கா சட்டென்று கொலரைப் பொத்திக்கொண்டு பின்னால் போனா.

"வேண்டாம் அக்கா. இதுதான் இதின்ரை ஸ்ரைல்."

"ஸ்ரைல். கேட்டியளோ? சீனக்காரிக்கு ஸ்ரைலாம்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்தா. எனக்கு அவவிலும் கோபம் வந்தது. "வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்" என்று காதுக்குள் சொன்னேன். அவ கொலரை இன்னும் மேலே இழுத்துவிட்டா.

அன்ரி மணமேடைக்குப் போய் அமலினியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தா. புதுத் தாலியை உள்ளங்கையில் ஏந்தி அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தா.

"இதைப் பார். தமிழ்ப் பொம்பிளையின்ரை கழுத்திலை கிடக்க வேண்டியது இது. உனக்கெங்கை இதின்ரை அருமை விளங்கப்போகுது?"

"ஓம் அக்கா. நல்ல வடிவு."

மேடையில் தனியே நின்ற பிறின்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். சியோங்சாமின் முழுச் சரித்திரத்தையும் அன்ரியின் தலையில் கொட்டுவதாகத்தான் இருந்தேன். அப்போதுதான் அவவின் உள்ளங்கை கண்ணில் பட்டது.

தங்கப் புறா. இடது செட்டை வளைந்திருந்தது. அதில் பீற்றூட் நிறத்தில் ஒரு பட்டு நூல்.

வாயை மூடினேன். கிட்டப் போய், அக்காவின் கொலரில் கழன்று தொங்கின மேல் முடிச்சை நன்றாக இறுக்கிப் பூட்டிவிட்டேன்.