இடக்கையின் பகுதி

தொலைபேசி ஆபரேட்டர் அக்காவுக்கு ஐம்பது வயது. அவளுடைய பியானோ டீச்சருக்கு இருபத்தாறு. இருவருக்கும் பார்வை கிடையாது. பியானோ தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தாள் அக்கா.

"இந்தச் சனிக்கிழமை பாஸ் பண்ணியே ஆகணும் டீச்சர். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டேன்."

பிரெயில் தாளைத் தடவி இசையைப் படிக்க ஒரு கை வேண்டும். வாசிக்க மிஞ்சுவது மறு கைதான். அதனால் முதலில் வலக்கையின் பகுதி, பிறகு இடக்கையின் பகுதி. இரண்டும் மனப்பாடமான பிறகே இரு கைகளும் கட்டைகளின் மேல் சேரும். அக்கா இன்னும் வலக்கையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறாவது வரியில், கதவருகே நின்றிருந்த டீச்சர் வியந்துபோனாள்.

"அக்கா, ரெண்டு கையும் சேர்ந்து வருதே! எப்போ மனப்பாடம் பண்ணீங்க?"

அறையில் அவர்கள் இருவர்தான். அக்காவின் இடக்கை விரல் தாளின் மேல்தான் இருந்தது. பியானோவின் இடது கோடியில் கீழ்ஸ்தாயி ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் தடுமாறிய இடத்தில் அதுவும் நின்று, அவளுக்காகக் காத்திருந்தது.

"பண்ணிட்டே இருக்கேன் டீச்சர்," என்றாள் அக்கா.

பெஞ்சில் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து இடம் விட்டு, ஏழாவது வரியில் விரலை வைத்தாள்.