ரிச்சர்டுக்குத் தெரிந்த பாஷை

அவர் குனிந்து நாயின் காதுக்குள், "ஸிட்" என்றார்.

மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும் நாயிடம் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் டாக்டர். "முழுங்கின மாங்கொட்டைய வயித்தக் கிழிச்சு எடுத்தாச்சு. இந்நேரம் முழிச்சிருக்கணும். வீட்டு ஆளு குரல் கேட்டா வந்துருவான்."

வராமலும் போகலாம். டாக்டர் அதைச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஸிட் சொன்னவருக்கு ஈரோட்டில் பெயிண்ட் கடை. நாய் ரிச்சர்ட் பிறந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பழவண்டியின் அடியில். வம்சத்தையே தோண்டினாலும் ஒரு வெள்ளைக்காரன் அகப்பட மாட்டான். ஆனாலும் மகள் பிரவீணா தூக்கிவந்த நாளிலிருந்து வீட்டில் அவனோடு இங்கிலீஷ்தான்.

கம். கோ. நோ. ஷேக் ஹேண்ட்.

நாயைக் கண்டதும் நாம் ஏன் இங்கிலீஷுக்கு மாறுகிறோம்? தெரியாது. நானும் அந்த ஜாதிதான். என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஜீவன் என்பதால் இருக்கலாம்.

தமிழிலும் அவர் ரிச்சர்டிடம் பேசியதுண்டு. "சனியனே, செருப்பக் கீழ போடு."

இன்றைக்கு அது நாக்கில் வரவில்லை.

பூனாவில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார். ஆபரேஷனைப் பற்றி அவளிடம் யாரும் மூச்சு விட்டிருக்கவில்லை.

"கண்ணு, கவலையா இருக்குதுங்கறத இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

"யாருகிட்டப்பா?"

"ஒரு பார்ட்டி."

"கொஞ்சம் கவலையா, நெறையவா?"

ஸ்டீல் மேஜையைப் பார்த்தார்.

"நெறையன்னே வெச்சுக்க."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். வொரீட், நெர்வஸ், கன்சர்ன்ட், ஆங்ஷியஸ். கடையில் ஷேட் கார்டு விரிப்பதுபோல் இருந்தது. பார்த்தால் எல்லாம் ஒரே கலர்தான். பெயர்தான் வேறு வேறு.

போனை வைத்துவிட்டு ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார்.

"ஐ ஆம் வொரீட்."

அசைவில்லை.

நெர்வஸ் என்பது பெண் பார்க்கப் போகிறவன் சொல்வது. கன்சர்ன்ட் என்றதும் தாலுகா ஆபீஸ் வாசனை அடித்தது. ஆங்ஷியஸ் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது.

ரிச்சர்டின் நாக்கு ஓரமாக வெளியே தொங்கியது. அதை மெல்ல உள்ளே தள்ளிவிட்டார். மறுபடி தொங்கியது.

அடுத்த மேஜையில் ஆட்டுக்குட்டிக்கு ஊசி போட வந்த அம்மா கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க சொல்றது அதுக்குப் புரியுதுங்களா?"

"எனக்கே புரியலீங்க."

முழுசாக என்று பார்த்தால் அவரிடம் இருந்தது ஒரே ஒரு இங்கிலீஷ் சமாச்சாரம். எட்டாம் வகுப்பில் பிரம்பு வைத்து மனப்பாடம் செய்யவைத்தது.

லீவ் லெட்டர்.

துன்பத்தை இங்கிலீஷில் சொல்ல நமக்கெல்லாம் கற்றுத்தந்தது அது ஒன்றைத்தான்.

நிமிர்ந்து நின்றார். கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

"ரெஸ்பெக்டட் சார்."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம்..."

இந்த இடத்தில் ஃபீவர் வரவேண்டும். நிறுத்தினார். நாயின் வயிற்றைச் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார்.

"...ரிச்சர்ட், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் த ஷாப்."

ஒரு காது துடித்தது.

ஈயாக இருக்கலாம்.

"கைண்ட்லி கிராண்ட் மீ..."

என்ன கேட்பது? லீவு வேண்டாம். வேண்டியதற்கு இங்கிலீஷ் தெரியாது.

"கைண்ட்லி" என்றார் மறுபடி. "கைண்ட்லி. கைண்ட்லிடா."

வாலின் நுனி மேஜையை ஒரு தட்டுத் தட்டியது.

வாயை மூடிக்கொண்டார்.

"அட, நிறுத்தாதீங்க!" என்றாள் ஆட்டுக்குட்டி அம்மா. "சொல்லுங்க, சொல்லுங்க."

"தேங்கிங் யூ சார்."

ஒரு கண் பாதி திறந்தது. மேற்கூரையைப் பார்த்தது. அப்புறம் இவரைத் தேடிப் பிடித்தது.

"யுவர்ஸ் ஒபீடியண்ட்லி."

அதற்குக் கீழே பெயர் போடவேண்டும்.

கடை போர்டில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர் தொண்டைவரை வந்தது. வந்து அங்கேயே நின்றது.

ஓரக்கண்ணால் பக்கத்து மேஜையைப் பார்த்தார். அந்தம்மா அவசரமாக ஆட்டுக்குட்டியின் காதுக்குள் உண்ணி தேட ஆரம்பித்திருந்தாள்.

அவர் மறுபடி நாயின் காதருகே குனிந்தார்.

"அப்பா" என்றார்.